கறுப்பு ராஸ்பெர்ரி காய்க்கவில்லையா? முதலில் தண்டின் வயதைப் பாருங்கள்

அமெரிக்காவின் மத்திய ஒஹாயோவில் எங்கள் வீட்டுப் பின்பக்க வேலியோரம் ஏழு கறுப்பு ராஸ்பெர்ரிச் செடிகள் நிற்கின்றன. ஒன்பது வருடத்தில் நட்டது பதினான்கு. மற்ற ஏழும் போன கதைதான் கீழே இருப்பதில் பாதி.

உங்கள் செடியில் தெரியும் குறிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். நோய் என்று என்னிடம் வரும் படங்களில் முக்கால்வாசி நோயே இல்லை. தண்டின் வயதைத் தவறாகக் கணக்கிட்டதால் வந்த பயம்.

தண்டுக்கு இரண்டே கோடை

வேர் பல வருடம் வாழும். மண்ணுக்கு மேலே வரும் தண்டுக்கு இரண்டு கோடைதான் ஆயுள். முதல் கோடையில் பச்சையாக முளைத்து, இலை மட்டும் விட்டு, சரசரவென்று உயரும். பனிக்காலத்தில் இலை கொட்டி மொட்டைக் குச்சியாக நிற்கும். இரண்டாவது கோடையில் அந்தக் குச்சியின் கணுக்களில் சிறு கிளைகள் கிளம்பி, மே மாதக் கடைசியில் பூத்து, ஜூன் பிற்பாதியில் பழுக்கும். பழம் முடிந்ததும் தண்டு செத்துவிடும். அதற்குள் அதே தூரில் அடுத்த வருடத் தண்டு இடுப்பளவு வந்திருக்கும். ஆக, எந்த ஜூன் மாதத்திலும் ஒரு தூரில் இரண்டு தலைமுறை இருக்கும். பச்சையாக, மேலே வெள்ளைப் பூச்சு படிந்து, விரலால் தேய்த்தால் அழிகிற தண்டு இந்த வருடத்தது. பட்டை பழுப்பாகி, பழம் தொங்குவது போன வருடத்தது.

இன்னொன்று. உங்களிடம் இருப்பது கறுப்பு ராஸ்பெர்ரிதானா? பழத்தைப் பறித்தால் உள்ளே குழிவாக, சின்னத் தொப்பி போல வர வேண்டும்; வெள்ளைக் காம்பு செடியிலேயே நின்றுவிடும். காம்போடு சேர்ந்து கெட்டியாக வந்தால் அது பிளாக்பெர்ரி. அதற்குக் கவாத்து முறையும் கொஞ்சம் வேறு.

குறி: செடி செழிப்பாக இருக்கிறது, ஒரு பூகூட இல்லை

நட்ட முதல் வருடமா? அப்படியானால் பொறுங்கள், அடுத்த வருடம் வரும். இரண்டாம் வருடத்துக்கு மேலும் பூக்கவில்லை என்றால், இலையுதிர் காலத்தில் யாராவது எல்லாத் தண்டையும் தரைமட்டமாக வெட்டினார்களா என்று வீட்டில் விசாரியுங்கள்.

எங்கள் வீட்டில் அது அம்மா. மூன்றாம் வருடம் ஆறு மாதம் வந்து தங்கியிருந்தார். அக்டோபரில் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது வேலியோரம் துப்புரவாக இருந்தது. “ஏன்டா, காஞ்ச குச்சியெல்லாம் கையைக் கிழிக்குது, எதுக்கு வெச்சிருக்க? ரோஜாவை அடியோட வெட்டினா எப்படித் துளுக்கும் தெரியுமா?” என்றார். ரோஜாவுக்கு அது சரி, புதுத் துளிரிலேயே பூத்துவிடும். இங்கே அவர் வெட்டியது அடுத்த ஜூனின் பழம் முழுவதையும். மறுவருடம் தண்டுகள் ஆளுயரம் வந்தன, பழம் பூஜ்யம்.

யாரும் வெட்டவில்லை என்றால் தண்டின் அடியைக் குனிந்து பாருங்கள். கத்தி வைத்துச் சாய்வாகச் சீவியது போல வெட்டு இருந்தால் முயல். பனி ஓரடி உயரத்துக்கு உறைந்து கிடக்கும்போது அதன்மேல் ஏறி நின்று கடிக்கும். அதனால் கோழிவலையை இரண்டடிக்கும் கொஞ்சம் கூடுதலாகவே சுற்ற வேண்டும். நார்நாராகப் பிய்ந்திருந்தால் மான். அதற்கு முயல்வலை போதாது.

வெட்டும் இல்லை, கடியும் இல்லை, தண்டு முழுசாக நிற்கிறது, ஏப்ரலில் துளிர்க்கவில்லை: நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் குளிர் அடித்துவிட்டது. சிவப்பு ராஸ்பெர்ரி தாங்குகிற குளிரைக் கறுப்பு தாங்காது. பிப்ரவரியில் நாலு நாள் வெயிலடித்து, பிறகு சட்டென்று உறைந்தால் இன்னும் மோசம். பச்சை தெரியும் இடம் வரை விட்டு மேலே வெட்டிவிடுங்கள்.

மர நிழலும் ஒரு காரணம். காட்டோரத்தில் தானாக வளர்கிற செடிதானே என்று நிழலில் நடுகிறார்கள். அது நிழலில் சாகாது, காய்க்கவும் காய்க்காது.

குறி: ஜூலையில் பழம் முடிந்ததும் தண்டு காய்கிறது

சரியாகத்தான் இருக்கிறது. காய்ந்ததை அடியோடு வெட்டி வெளியே எறியுங்கள். பச்சையைத் தொடாதீர்கள்.

குறி: தண்டு எட்டடி போய், வளைந்து, நுனி மண்ணில் புதைந்திருக்கிறது

இது செடி தன் பிள்ளையைப் பெறும் முறை. கறுப்பு ராஸ்பெர்ரி சிவப்பைப் போல வேரிலிருந்து பக்கக்கன்று விடாது. ஆகஸ்ட், செப்டம்பரில் நுனி தரையைத் தொட்ட இடத்தில் வேர்விடும். நாம் மல்லிகைக்குப் பதியம் போடுவது போலத்தான், இது தானே போட்டுக்கொள்கிறது. புதுச்செடி வேண்டுமானால் விட்டுவிட்டு, அடுத்த வசந்தத்தில் தாய்த்தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டித் தோண்டி எடுங்கள். ஆனால் தாய்ச்செடியில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

வேண்டாம் என்றால் முன்கூட்டியே நுனி கிள்ள வேண்டும். பழம் குறைகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் செய்யாத வேலை இதுதான். மே கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். இரண்டரை முதல் மூன்றடி உயரம் வந்த ஒவ்வொரு பச்சைத் தண்டின் நுனியையும் மூன்று விரல் அளவு கிள்ளிவிடுங்கள். இளசாக இருக்கும்போது கத்தரியே வேண்டாம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். எல்லாத் தண்டும் ஒரே நாளில் அந்த உயரம் வராது, அதனால்தான் வாராவாரம். கிள்ளியதும் பக்கக்கிளைகள் வெடிக்கும். அடுத்த வருடப் பழம் பெரும்பாலும் அந்தப் பக்கக்கிளைகளில்தான். மார்ச்சில் அவற்றை ஓரடியாகக் குறைத்து, தூருக்கு நாலைந்து தடித்த தண்டுகளை மட்டும் நிறுத்துங்கள். பென்சிலைவிட மெலிந்தது எதுவும் வேண்டாம்.

மழை வருகிற நாளில் மட்டும் கிள்ளாதீர்கள். ஈரக் காயம் வழியாகத் தண்டுக்கருகல் பூஞ்சை நுழையும். கிள்ளிய பிறகு மூன்று நாளாவது காய வேண்டும். வானிலை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

குறி: ஜூனில் ஒரு தண்டின் நுனி மட்டும் தலை தொங்கியிருக்கிறது

தண்ணீர் இல்லாமல் வாடியிருந்தால் மொத்தச் செடியும் வாடும். ஒரே ஒரு நுனி, அதுவும் கொக்கி போல வளைந்திருந்தால், வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். தண்டைச் சுற்றி ஊசியால் குத்திக் குத்தி வரைந்தது போல ஒரு வளையம். அதற்கு அரை அங்குலம் தள்ளி இன்னொரு வளையம். முதல்முறை பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நூல் கட்டி இறுக்கினார்களோ என்றுதான் நினைத்தேன். மெலிந்த நீளமான கறுப்பு வண்டு, கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை, அதில் இரண்டு கறுப்புப் புள்ளி. அதுதான் இந்த இரண்டு வளையத்தையும் கடித்து, நடுவில் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போகிறது. சாறு மேலே ஏறாமல் அடைப்பது முட்டைக்குப் பாதுகாப்பு.

கீழ் வளையத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுச்சோறு வெள்ளையாக, முழுதாக இருந்தால் முடிந்தது. துளை தெரிந்தால் புழு கீழே இறங்கிவிட்டது, துளை மறையும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டியதைக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். மருந்து தேவையில்லை. என் தோட்டத்தில் வருடத்துக்கு மூன்று நாலு நுனி இப்படிப் போகும், அவ்வளவுதான்.

குறி: இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி

இதில் மட்டும் கருணை காட்டாதீர்கள்.

ஏப்ரலில் முளைக்கும் தண்டுகள் மெலிந்து, வெளிறி, கொத்துக்கொத்தாக வந்தால் சந்தேகப்படுங்கள். மே மாதம் இலையைத் திருப்பினால் முதலில் மெழுகுக் கொப்புளம், சில நாளில் அது வெடித்துப் பளீரென்ற ஆரஞ்சு. தொட்டால் கேசரிப்பொடி போல விரலில் ஒட்டும். இது ஆரஞ்சுத் துரு நோய். இலைப்புள்ளி மாதிரி கிள்ளி எறிந்து தப்பிக்கிற விஷயம் அல்ல. பூஞ்சை தூர், வேர் என்று செடி முழுக்கப் பரவியிருக்கும். மோசமான தந்திரம் என்னவென்றால், ஜூலையில் அந்த இலைகள் உதிர்ந்து செடி நன்றாக இருப்பது போலத் தெரியும். நானும் தேறிவிட்டது என்று நம்பினேன். மறுவருடம் பக்கத்துச் செடி இரண்டிலும் ஆரஞ்சு.

கொப்புளம் வெடிக்கும் முன்னாலேயே செடியை வேரோடு தோண்டி, பையில் கட்டி அகற்றுங்கள். வெடித்துவிட்டதென்றால் முதலில் பையைச் செடிமேல் கவிழ்த்து இறுக்கிவிட்டுத் தோண்டுங்கள், பொடி பறக்காது. உரக்குழியில் போட வேண்டாம். அப்புறம் வேலிக்கு அப்பால் காட்டுச்செடி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊர்க் காட்டோரங்களில் கறுப்பு ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் தானாக வளர்கின்றன, நோய்க்குக் கிடங்கு அதுதான். சிவப்பு ராஸ்பெர்ரிக்கு இந்தத் துரு வராது. அதனால் இடத்தைக் காலியாக விட மனமில்லாதவர்கள் அங்கே சிவப்பு வைக்கலாம்.

குறி: தண்டில் ஊதா வளையமிட்ட சாம்பல் குழிகள்

ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். ஈரமான வசந்தத்தில் கட்டாயம் கொஞ்சம் வரும். பத்து இருபது குழிகளுக்குச் செடி அசைந்துகொடுக்காது. தண்டே வெடிக்கிற அளவுக்கு இருந்தால், வசந்தத்தில் மொட்டு அரை அங்குலம் பச்சை காட்டும்போது சுண்ணாம்பு கந்தகக் கரைசலை, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி ஒருமுறை அடிக்கலாம். இலை விரிந்த பிறகு அடித்தால் கருகிவிடும். அதைவிட முக்கியம் காற்றோட்டம். பழைய தண்டை வெட்டி, தூரைக் கலைத்து, தெளிப்பானால் மேலிருந்து நீர் விடுவதை நிறுத்தினாலே பாதி குறையும். பிரிஸ்டல் ரகத்துக்கு இந்தத் தொல்லை அதிகம். நியூயார்க்கின் ஜெனீவாவில் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் 1973-இல் வெளியிட்ட ஜூவல் ரகம் பரவாயில்லை. என்னிடம் மிஞ்சிய ஏழில் ஐந்து ஜூவல்தான்.

குறி: கோடை வெயிலில் கீழிலைகள் மஞ்சளாகி, தண்டு நீலம் பாரித்துச் சாகிறது

முன்பு அந்த இடத்தில் என்ன நட்டிருந்தீர்கள்? தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, வெண்டை. நம் ஆட்கள் வீட்டுப் பின்பக்கம் வேறென்ன இருக்கும்? இவை எல்லாமே மண்ணில் வெர்டிசிலியம் என்ற பூஞ்சையைப் பெருக்கி வைத்துவிட்டுப் போகக்கூடியவை. வெண்டைக்கும் கத்தரிக்கும் இரண்டு வருடம் நல்ல விளைச்சல் தந்த பாத்தியில், மண் பதமாக இருக்கிறதே என்று நான் நான்கு செடி வைத்தேன். மூன்று போயின. கறுப்பு ராஸ்பெர்ரி இந்த வாடல் நோய்க்குச் சிவப்பைவிடச் சீக்கிரம் விழும்.

ஒரு பக்கத்து இலைகள் முதலில் வாடுவதும், தண்டில் அடியிலிருந்து நீல ஊதாக் கோடு ஏறுவதும் அடையாளம். மருந்து இல்லை. பூஞ்சை மண்ணில் பல வருடம் கிடக்கும். காய்கறிப் பாத்தியிலிருந்து தள்ளி, மூன்று நாலு வருடமாவது புல்தரையாகக் கிடந்த இடத்தில் புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

நீலக் கோடு இல்லை, மழைக்குப் பிறகு மொத்தத் தூரும் சரிகிறது என்றால் வேரழுகல். எங்கள் களிமண்ணில் சகஜம். ஓரடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

குறி: இலை மஞ்சள், ஆனால் செடி வாடவில்லை

அடி இலைகள் சீராக மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு, வசந்தத்தில் மக்கிய எரு. நுனி இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச்சத்து ஏறவில்லை, அதாவது மண் காரம். மண் பரிசோதனையில் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் வர வேண்டும். கூடுதலாக இருந்தால் கந்தகம் போட்டு மெதுவாக இறக்கலாம். இலையில் தேமல் போலத் திட்டுத்திட்டாக, கொப்பளித்து, வருடா வருடம் செடி குட்டையாகிக்கொண்டே போனால் வைரஸ். அசுவினி கொண்டுவருகிறது. கறுப்பு ராஸ்பெர்ரி வணிகமாக அதிகம் விளையும் ஓரெகன் மாநிலத்திலேயே நாலைந்து வருடத்தில் வயலை அழித்து மறுநடவு செய்ய வைக்கிற வைரஸ் இது. சிவப்பு ராஸ்பெர்ரி வைரஸை வைத்துக்கொண்டே ஆரோக்கியமாக நிற்கும், அதனால் இரண்டையும் நூறடியாவது தள்ளி நடுங்கள். செடியைச் சான்றிதழ் பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்குவது நல்லது. நான் ஒருமுறை வார இறுதிச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய இரண்டும் வைரஸோடுதான் வந்தன.

குறி: பழம் பறிக்கும்போது உதிரி உதிரியாக உடைகிறது

பழம் என்பது பல சின்ன மணிகள் ஒட்டிய கூட்டு. ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக மகரந்தம் சேர வேண்டும். பூக்கும் வாரம் மழையாகவே இருந்து தேனீ வராவிட்டால் இடையிடையே மணி இல்லாமல் பழம் பொலபொலக்கும். அந்த வருடத்தோடு போய்விடும். ஒரே செடி, ஒவ்வொரு வருடமும் என்றால் வைரஸ், எடுத்துவிடுங்கள்.

குறி: கழுவும்போது வெள்ளைப் புழு

சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தைத்தான் தேடும். புள்ளியிறகு ஈ நல்ல பழத்தையே அரத்தால் அறுப்பது போல அறுத்து உள்ளே முட்டை வைக்கும். கிழக்காசியாவிலிருந்து வந்து, அமெரிக்காவின் பெருநிலப் பகுதியில் 2008-இல் கலிபோர்னியாவில் தென்பட்டு, சில வருடத்திலேயே இந்தப் பக்கம் வரை பரவிவிட்டது. சந்தேகமிருந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து ஒரு கைப்பிடி பழத்தைப் போடுங்கள். கால்மணி நேரத்தில் நூல்துண்டு போலப் புழுக்கள் நெளிந்து வெளியே வரும். தின்றுவிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகாது. இதை என் மனைவியிடம் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பழத்துக்கும் உப்புத்தண்ணீர்ச் சோதனை நடக்கிறது.

ஜூனில் பழுக்கும் செடிக்கு ஒரு நல்லகாலம்: ஈயின் கூட்டம் பெருகுவதற்குள் அறுவடை பெரும்பாலும் முடிந்துவிடும். முதலாண்டுத் தண்டிலேயே ஆகஸ்டில் காய்க்கும் நிவாட் போன்ற ரகம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அதிகத் தொல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறியுங்கள். கீழே விழுந்ததைப் பொறுக்குங்கள். பறித்த கையோடு குளிர்ப்பெட்டியில் வையுங்கள், முட்டை பொரியாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள வலையைப் பூ முடிந்ததும் போர்த்தினால் பறவைக்கும் சேர்த்து ஆயிற்று.

குறி: பழம் புளிக்கிறது, அல்லது ருசியே இல்லை

சிவப்பாக இருக்கும்போதோ, பளபளவென்று கருஞ்சிவப்பாக இருக்கும்போதோ பறித்திருப்பீர்கள். நாவற்பழத்தில் படிவது போல மேலே ஒரு சாம்பல் மங்கல் வரும். அப்போது மூன்று விரலால் பிடித்தால் இழுக்காமலேயே கழன்று வரும். இழுக்க வேண்டியிருந்தால் நாளைக்கு வாருங்கள். பறித்த பின் இது பழுக்காது. ஆழமான பாத்திரத்தில் போட்டால் அடியில் உள்ளது நசுங்கும், தட்டையான பாத்திரம் எடுங்கள். சாப்பிடும்போதுதான் கழுவ வேண்டும், ஈரத்தோடு வைத்தால் மறுநாளே பூசணம். காட்டோரம் பறிக்கப் போகிறவர்கள் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். அதே புதரில் முள்ளில்லாத மூவிலைக் கொடி ஒன்று வளரும், விஷக்கொடி. உரசினால் இரண்டு வாரம் அரிப்பு.

குறி: பல்லிடுக்கில் விதை, ஜாம் இறுகவில்லை

விதை அதிகம்தான், அதை மாற்ற முடியாது. பிள்ளைகள் அதனாலேயே ஒதுக்குகிறார்கள். பழத்தை லேசாகச் சூடாக்கி மசித்து, கண் நெருக்கமான வடிகட்டியில் கரண்டியின் முதுகால் அழுத்தி எடுங்கள். மிக்ஸியில் ஒரு சுற்றுகூட வேண்டாம். விதை உடைந்து மணல்போல நெறுநெறுக்கும், கசக்கும், அதற்குப் பிறகு வடிகட்டியும் உதவாது. ஜாமுக்குக் கால் பங்கு சிவப்புக் காயைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இறுகவைக்கும் பெக்டின் அதில்தான் அதிகம். எலுமிச்சை பாதி. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருங்க வேண்டும். வடிகட்டிய சாற்றில் ஒரு கரண்டியைக் கெட்டித் தயிரில் கலந்தால் ஜாமுக்கு முன்பே தீர்ந்துவிடும். விளைச்சலே இல்லாத வருடத்தில் சின்சினாட்டிக்காரர்களின் கிரேட்டர்ஸ் ஐஸ்கிரீமில் இதே பழத்தில் ஒன்று இருக்கிறது, சாக்லேட் துண்டு போட்டது. அதை வைத்துச் சமாளிக்கலாம்.

“புற்றுநோயைக் குணமாக்கும்” என்று வாட்ஸ்அப்பில் வந்ததா? ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உறையவைத்து உலர்த்திய இந்தப் பழப்பொடியை எலிகளிடமும், சிறு அளவில் மனிதர்களிடமும் பல வருடமாகச் சோதித்துவருகிறார்கள். ஆராய்ச்சிதான் அது, மருந்துச்சீட்டு அல்ல.

குறி: ஊரில் வைத்தேன், இலை மட்டும் வருகிறது

மதுரையிலும் சென்னையிலும் வராது. மொட்டு விழிக்க இதற்கு நீண்ட குளிர் உறக்கம் வேண்டும். அனுமதிச்சீட்டு இல்லாமல் குச்சியைப் பெட்டியில் ஒளித்துக்கொண்டு போவதும் சட்டவிரோதம், துருவையும் வைரஸையும் சேர்த்தே கொண்டுபோவீர்கள். வேண்டியதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரம் சாம்பல் பூத்த கறுப்புப் பழம் தானாகவே காய்க்கிறது. வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் மைசூர் ராஸ்பெர்ரி என்று விலைக்கு வாங்கி வைப்பது அதைத்தான். ஃபுளோரிடாவில் பனி இல்லாத பகுதிகளில் அதை வளர்க்கிறார்கள். போன முறை கொடைக்கானல் போனபோது அம்மா ஒரு கைப்பிடி பறித்து வாயில் போட்டுவிட்டு, அந்தப் புதரின் காய்ந்த குச்சிகளைப் பார்த்தார். வெட்டச் சொல்லவில்லை.